உடம்புக்குச் சொந்தக்காரர் யார்?

சில தினங்களுக்கு முன் நமது தோழர் ஒருவர் தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துக் கொண்டு நம்மிடம் வந்தார். காலேஜில் வாசிக்கும் தமது மகள் அதை இரவு பகலாய்ப் படித்துக் கொண்டிருப்பதாகவும், என்ன கதையென்று கேட்டதில், ஒரு பெண்ணின் உடம்புக்குள் வேறொரு ஆத்மா புகுந்து கொள்வதும், இருவரும் ஒரே உடம்பில் இருந்துகொண்டு காதல் செய்வதுமான கதையென்று அவள் சொன்னதாகவும் கூறினார். "நாம் இருபது வருஷ காலமாய் மேடைக்கு மேடை ஆத்மாவும் இல்லை, பேயும் இல்லை என்று பேசி வருகின்றோம். நம் வீட்டுக்குள்ளேயே இந்தச் சனியன் வந்து நுழைந்தால் என்ன செய்வது? பிடுங்கி அடுப்பில் போட வேண்டாமா?" என்று கேட்டார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. படிக்காத புத்தகத்தை அடுப்பில் போடச் சொல்லுவது வைதிகர்களின் வேலையே ஒழிய நம்முடைய வேலையல்ல. ஆதலால் புத்தகத்தை வாங்கி வைத்துக் கொண்டோம். நமக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வந்தது. புத்தகமோ அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. ஆகவே படித்து முடிக்க ஒரு மாதம் பிடித்தது. படித்ததன் பேரில் நமக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் அத்தோழருக்கு மாத்திரமல்லாமல் பெண் மக்களைப் பெற்ற எல்லாத் தோழர்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி இங்கு எழுதுகின்றோம்.

கதையின் சாரம்

புத்தகத்தின் பெயர் "தி ஹோஸ்ட்" என்பது. எழுதியவர் ஸ்டெபனி மேயர் என்னும் அமெரிக்க மாது. இரத்தம் குடிக்கும் பிசாசு ஒருவனைப் பள்ளிக்கூடத்துப் பெண் காதலிப்பதாக 2005-ல் "ட்வைலைட்" என்ற கதையை எழுதிப் பேர் பெற்றவர் இவர்தான். இந்தப் புத்தகம் 2008-ம் வருஷம் மே மாதத்தில் வெளியாகி, அந்நாட்டில் அதிகம் விற்கும் புத்தகங்களின் ஜாபிதாவில் முதலிடம் பெற்றது. 2013-ல் சினிமாவாகவும் வந்தது. "ஹோஸ்ட்" என்ற சொல்லுக்கு விருந்தாளிக்கு இடங்கொடுப்பவர் என்று ஒரு அர்த்தம். புல்லுருவிக்கு இடங்கொடுத்துத் தன் சாரத்தை இழக்கும் மரம் என்று மற்றொரு அர்த்தம். இரண்டும் இக்கதைக்குப் பொருந்தும்.

கதையாவது: வேற்று உலகத்திலிருந்து ஒருவகை ஜீவன்கள் பூமிக்கு வந்து மனிதர்களின் உடம்புகளில் புகுந்து கொள்ளுகின்றன. அவைகளுக்குப் பெயரே "ஆத்மாக்கள்" என்பதுதான். மனிதனுடைய மனம் மங்கி மறைந்துபோக, அவனுடைய கையையும் காலையும் நாக்கையும் இவைகள் ஆண்டு அனுபவிக்கின்றன. தப்பி ஒளிந்திருக்கும் சொற்ப மனிதர்களில் மெலனி என்ற இளம்பெண் ஒருத்தி. பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று அவள் உயரத்திலிருந்து குதித்தும் சாகாமல் அகப்பட்டுக் கொள்ளுகின்றாள். அவள் காயத்தை ஆற்றி, உள்ளே ஒரு ஆத்மாவை வைக்கின்றார்கள். பல உலகங்களில் அலைந்து திரிந்ததால் அந்த ஆத்மாவுக்கு "அலைபவள்" என்று அர்த்தம் தரும் பெயர். மெலனியின் ஞாபகங்களைத் துழாவி, மற்ற மனிதர்கள் ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுப்பதே அவளுக்கு இடப்பட்ட வேலை.

ஆனால் மெலனியின் மனம் மறைய மறுக்கின்றது. காதலன் ஜாரெட்டையும், தம்பி ஜேமியையும் விடாமல் நினைத்துக் கொண்டேயிருக்க, அந்த ஞாபகங்களைப் பார்த்துப் பார்த்து, உள்ளே வந்தவளும் அவர்கள்மேல் பிரியம் கொண்டு விடுகின்றாள். பிறகு இருவரும் ஒரே காலால் நடந்து, அரிஸோனாப் பாலைவனத்தில் குகைகளில் ஒளிந்து வாழும் மனிதர்களிடம் போய்ச் சேருகின்றார்கள். அங்கே மெலனியின் காதலன் இருக்கின்றான். வந்த ஆத்மாவின்மேலேயே இயன் என்ற வேறொருவன் பிரியம் கொள்ளுகின்றான். உடம்பு ஒன்று, மனம் இரண்டு, காதலர் இருவர் என்ற இந்தச் சிக்கலே கதை. முடிவில் உள்ளே வந்தவள், இந்த உடம்பு மெலனியுடையது, தன்னுடையதல்ல என்று உணர்ந்து, தான் செத்தாலும் சரியென்று அதை விட்டு வெளியேறி, உடையவளிடம் ஒப்படைத்து விடுகின்றாள்.

டாக்டர் தேவைப்படும் ஆத்மா

முதலில் இந்த ஆத்மாவின் லட்சணத்தைக் கவனியுங்கள். அது வெள்ளி நிறமாய், பூரானைப்போல் நீண்டு, நூல் நூலான எண்ணற்ற இழைகளோடு இருக்கின்றதாம். கழுத்தின் பின்புறத்தைக் கத்தியால் கீறி, ஒரு வைத்தியர் கையால் உள்ளே விட்டால்தான் அது உடம்புக்குள் போகும். போய் மூளையையும் நரம்பையும் பற்றிக்கொண்டால்தான் அதற்கு வேலை நடக்கும். வெளியே எடுத்தால் குளிர்ந்த பாத்திரத்தில் அடைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும்.

இது என்ன வேடிக்கை என்று கேட்கின்றோம். நமது பண்டிதர்கள் சொல்லும் ஆத்மாவை ஆயுதம் வெட்டாது, நெருப்பு சுடாது, தண்ணீர் நனைக்காது. அமெரிக்காவில் ஆத்மாவுக்கு ஆபரேஷன் வேண்டியிருக்கின்றது! காரணம் என்னவென்றால், இக்காலத்தில் கதை படிக்கின்றவன்கூட, "அது எந்த வழியாய் உள்ளே போயிற்று? எதைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டுகின்றது?" என்று கேட்பான். கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் கதை நிற்காது. கட்டுக்கதை எழுதும் ஒரு மாதுக்கு இருக்கும் இந்தப் பொறுப்பு, உண்மையென்று சொல்லிக்கொண்டு ஆத்மாவின் பேரால் திதியும் திவசமும் பரிகாரமும் நடத்தி வயிறு வளர்க்கின்றவர்களுக்கு ஏன் இல்லாமற் போயிற்று?

அன்றியும், அந்த அலையும் ஆத்மா வௌவாலாகவும், கரடியாகவும், சிலந்தியாகவும், பூவாகவும் வேறு வேறு உலகங்களில் வாழ்ந்து வந்ததாம். அவை எல்லாம் அதற்கு ஞாபகம் இருக்கின்றது; குகையில் மனிதர்களுக்கு அவற்றைக் கதை கதையாய்ச் சொல்லுகின்றது. நம் தேசத்துப் பூர்வஜென்மமோ யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. இன்ன குற்றம் செய்தாய் என்று சொல்லாமலே தண்டனை விதிக்கும் கோர்ட்டு உலகத்தில் எங்காவது உண்டா? "போன ஜென்மத்துப் பாவம், அதனால்தான் நீ தாழ்ந்த ஜாதி, அதனால்தான் நீ விதவை" என்று சொல்லும் கர்ம சாஸ்திரத்தைவிட இந்த நாவலின் கற்பனை எவ்வளவோ யோக்கியமானது என்றே சொல்லுவோம்.

மற்றொரு விஷயம். உள்ளே வந்த ஆத்மாவுக்கு மெலனியின் பாஷை எங்கிருந்து கிடைத்தது? அவள் மூளையிலிருந்து. அவள் காதல் எங்கிருந்து வந்து ஒட்டிக் கொண்டது? அவள் உடம்பிலிருந்து. "இந்தப் பிரியம் என்னுடையதா, இந்த உடம்பினுடையதா?" என்று ஆத்மாவே தவிக்கின்றது. அதாவது ஞாபகமும், பாஷையும், பிரியமும் உடம்போடும் மூளையோடும் பிறந்து வளருகின்றவையே தவிர, வெளியிலிருந்து குடிவரும் சரக்கு அல்ல என்பதைக் கதை எழுதியவர் தம்மையறியாமலேயே ஒப்புக்கொண்டு விட்டார்.

வீட்டைப் பெருக்கிய திருடன்

நிற்க, இக்கதையில் நமக்கு முக்கியமாய்த் தோன்றிய விஷயம் வேறு. இந்த ஆத்மாக்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள்; திருட மாட்டார்கள். அவர்கள் ஆட்சியில் யுத்தமில்லை, கொலையில்லை. கடையில் பணம் கொடுக்காமலே வேண்டியதை எடுத்துக் கொள்ளலாம். எந்த வியாதிக்கும் அவர்களிடம் மருந்து உண்டு. "மனிதர்களாகிய நீங்கள் ஒருவரையொருவர் வெட்டிக் கொண்டு பூமியைக் கெடுத்தீர்கள், நாங்கள் வந்து நன்றாய் வைத்திருக்கின்றோம்" என்பதே அவர்களுடைய வாதம். படிக்கின்றவர்களுக்கும் ஒரு நிமிஷம், "இதில் என்ன தப்பு?" என்று தோன்றத்தான் செய்யும்.

ஆனால் ஒரு திருடன் நம் வீட்டில் புகுந்து, நம்மை உள்ளறையில் போட்டுப் பூட்டிவிட்டு, வீட்டை நன்றாய்ப் பெருக்கி, வாசலில் கோலம் போட்டு, வேளைக்கு விளக்கேற்றி வைத்திருக்கின்றான் என்பதற்காக, வீடு அவனுடையதாகிவிடுமா என்று கேட்கின்றோம். உள்ளறையில் கிடப்பவன் யோக்கியனோ அயோக்கியனோ, வீட்டை அழுக்காய் வைத்திருந்தவனோ, எப்படியிருந்தாலும் வீடு அவனுடையது. "உன் நன்மைக்காகத்தான் உன்னை அடக்கி ஆளுகின்றேன்" என்று சொல்லாத எஜமானன் உலகத்தில் கிடையாது. குருவும் அப்படித்தான் சொன்னான். வெள்ளைக்காரனும் அப்படித்தான் சொன்னான். புருஷனும் அப்படித்தான் சொல்லுகின்றான். மெலனி அந்த வாதத்திற்கு மசியவில்லை. கையில்லை, காலில்லை, வாயில்லை. வெறும் மனம் மாத்திரம் மிஞ்சியிருக்கும்போதும் "இது என் உடம்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சுயமரியாதை என்பதற்கு இதைவிட வேறு அர்த்தம் நமக்குத் தெரியவில்லை.

புத்தகம் குற்றமற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. ஜாரெட் பார்த்த மாத்திரத்தில் அவளை முகத்தில் அடிக்கின்றான். இயன் முதலில் கழுத்தை நெரிக்கப் போகின்றான். பிறகு இருவரும் காதலர்களாய் விளங்குகின்றார்கள்! அடிக்கிற கைதான் அணைக்கும் என்ற பைத்தியக்காரப் பேச்சு நம்மூரில் போதாதென்று அமெரிக்காவிலிருந்து வேறு இறக்குமதியாக வேண்டுமா? கடைசியில், வெளியேறி உயிரைவிட இருந்த ஆத்மாவைச் சிநேகிதர்கள் காப்பாற்ற வேண்டி, மனம் திரும்பி எழுந்திராத வேறொரு சிறு பெண்ணின் உடம்பில் வைத்து விடுகின்றார்கள். எழுந்திருக்கவில்லை என்பதால் அவ்வுடம்பு யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடுமா? அவளைக் கேட்டவர் யார்? அறுநூறு பக்கம் எந்த நியாயத்துக்காக வாதாடினாரோ, அதைச் சுபமான முடிவுக்காக ஆசிரியர் கைவிட்டு விட்டார். இதை அவசியம் எடுத்துக்காட்ட வேண்டியதுதான். ஆனால் எடுத்துக்காட்டுவதற்குக் கூடப் புத்தகம் கையில் இருக்க வேண்டுமே ஒழிய, அடுப்பில் இருக்கக் கூடாது.

கத்தியும் அறிவும்

அந்தக் குகையில் ஒரு வைத்தியர் இருக்கின்றார். நல்லவர்தான். பிடித்துவந்த உடம்புகளிலிருந்து ஆத்மாவை வெட்டியெடுத்து மனிதர்களை மீட்கப் பார்க்கின்றார். வெட்ட வெட்ட ஆத்மாவும் சாகின்றது; மனிதனும் சாகின்றான். பலாத்காரத்தினால் ஒருவரைக்கூட மீட்க முடியவில்லை. பிறகு அலைபவள் தானே முன்வந்து, இன்ன மருந்து, இன்ன முறை, இப்படித் தொட்டால் அது தானே பிடியை விடும் என்று கற்றுக் கொடுத்த பிறகுதான் ஒவ்வொருவராய் மீளுகின்றார்கள். அதற்கு அவள் கேட்ட ஒரே நிபந்தனை, வெளியே எடுக்கும் ஆத்மாவையும் கொல்லக் கூடாது என்பதே. பலாத்காரம் கொன்றது, அறிவு மீட்டது.

இது கதை. ஆனால் கதையல்லாத சங்கதிகள் உலகத்தில் நடந்திருக்கின்றன. உடம்புக்குள் வேறொன்று புகுந்திருக்கின்றது என்று உண்மையாகவே நம்பின இடங்களில் என்ன நடந்தது? பிரான்ஸ் தேசத்தில் லூதன் என்ற ஊரில் கன்னிகாஸ்திரீகளைப் பிசாசு பிடித்ததாகச் சொல்லி, அதை ஏவிவிட்டவர் என்று 1634-ல் ஊர்பேன் கிராண்டியர் என்ற பாதிரியை உயிரோடு கொளுத்தினார்கள். அது பழங்காலம் என்று சொல்லுவார்கள். ஜெர்மனியில் 1976-ல் காலேஜில் படித்த 23 வயதுப் பெண் ஒருத்தி செத்தாள். அவளுக்குக் காக்காய்வலிப்பு இருப்பதாக வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். பெற்றோரும் இரண்டு பாதிரிமார்களுமோ பிசாசு என்றார்கள். சுமார் பத்து மாதத்தில் 67 தடவை பிசாசு ஓட்டினார்கள். ஊணுமின்றி, நீருமின்றி, சுமார் 30 கிலோ எடையில் அவள் உயிர் போயிற்று. 1978-ல் கோர்ட்டு அந்நால்வரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. காக்காய்வலிப்பு மற்ற வியாதிகளைப்போல் ஒரு வியாதியே தவிர தெய்வக் கோளாறு அல்லவென்று கிரேக்க வைத்திய நூல் ஒன்று எழுதி வைத்து 2,400 வருஷங்களாகின்றன!

அது வெள்ளைக்காரன் தேசம், நமக்கென்ன என்று இருக்க முடியுமா? இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், பேயும் ஏவலும் நீங்குமென்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட சித்தப்பிரமை கொண்டவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கொட்டகை ஒன்று, 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ம் தேதி விடியற்காலம் தீப்பிடித்தது. 28 பேர் மாண்டார்கள். சங்கிலி இருந்ததால் ஓட முடியவில்லை. இவ்வளவு உயிர் போன பிறகும், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாதென்று சட்டத்தில் வெளிப்படையாய் எழுத 2017-ம் வருஷம் வரையில் ஆயிற்று.

இந்த நாவல் சினிமாவாக வந்த அதே 2013-ல், ஆகஸ்டு 20-ந் தேதி, புனா நகரத்தில் டாக்டர் நரேந்திர தபோல்கர் காலையில் உலாவப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மந்திரவாதிகளின் அட்டூழியத்துக்குச் சட்டம் வேண்டுமென்று பல வருஷ காலம் ஊர் ஊராய்ப் போராடி வந்தவர் அவர். அவர் செத்த சில நாட்களுக்குள் மராட்டிய சர்க்கார் அவசரச் சட்டம் போட்டது. அவ்வருஷம் டிசம்பரில் அது சட்டசபையில் நிறைவேறிற்று. பேய் ஓட்டுவதாகச் சொல்லி ஒருவரைக் கட்டுவதும், அடிப்பதும், சூடு போடுவதும் அந்த மாகாணத்தில் இன்று குற்றம். ஒரு உயிரைக் கொடுத்துப் பெற்ற சட்டம் அது.

கட்டுக்கதைக்கும் மூடநம்பிக்கைக்கும் வித்தியாசம் இதுதான். ஆத்மா புகுந்த கதையைப் படித்து யாரும் யாரையும் சங்கிலியால் கட்டவில்லை. நாவல், "நான் பொய்" என்று அட்டையிலேயே எழுதி வைத்துக்கொண்டு வருகின்றது. உண்மையென்று சத்தியம் செய்துகொண்டு வரும் பொய்தான் மனிதனைக் கட்டுகின்றது, கொளுத்துகின்றது, பட்டினி போட்டுக் கொல்லுகின்றது.

தோழரிடம் ஒரு கேள்வி

இவ்வளவையும் அத்தோழரிடம் சொல்லிவிட்டு நாம் ஒரு கேள்வி கேட்டோம். அவருக்கு ஒரு தங்கையுண்டு. அவர் இயக்கத்துக்கு வருமுன் நடந்த சங்கதி; அவ்வூரார் எல்லோருக்கும் தெரியும். மனசுக்குப் பிடிக்காத இடத்தில் அப்பெண்ணைக் கட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் அவள் தலையை விரித்துப்போட்டு ஆடினாள். பேய் என்றார்கள். சாதாரணமாய் வாய் திறக்காத பெண், அன்று மாமியாரை ஏக வசனத்தில் பேசினாள். "இந்த வீட்டில் இருக்க மாட்டேன்" என்று கத்தினாள். மாமியார் கைகட்டி நின்றாள். புருஷன் கற்பூரம் ஏற்றினான். பெண்ணாய் அவள் அதையே சொன்னபோது, காது கொடுத்தவர் ஒருவருமில்லை. பேயாய்ச் சொன்னபோது ஊரே கேட்டது. கேட்டுவிட்டு என்ன செய்தார்கள்? பூசாரியைக் கூப்பிட்டு வேப்பங்குழையாலும் சாட்டையாலும் அடித்து, அந்தக் குரலை நிறுத்தினார்கள். பேய் போய்விட்டது என்று பொங்கல் வைத்தார்கள். அதன்பின் அப்பெண் அதிகமாய்ப் பேசுவதேயில்லை.

"தோழரே! அன்று உம்முடைய தங்கையின் உடம்பில் இருந்தது யார்? ஆடினபோது இருந்தது பேயா? அல்லது அதற்குமுன் மூன்று மாதம் தலைகுனிந்து, 'சரி, சரி' என்று சொல்லிக் கொண்டிருந்ததுதான் பேயா?" என்று கேட்டோம். நம்மைக் கேட்டால், பெற்றோர் இஷ்டமும், ஜாதி வழக்கமும், புருஷன் அதிகாரமுமே அவள் உடம்பில் புகுந்திருந்த அன்னிய ஆத்மாக்கள். ஆடியவள்தான் அசல் பெண். உள்ளறையில் பூட்டப்பட்டுக் கதவைத் தட்டிய மெலனி. அவளைத்தான் அடித்து ஓட்டினார்கள்.

தோழர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் அன்று அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்" என்று மாத்திரம் சொன்னார். புத்தகத்தை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

அவருக்கு நாம் சொன்னதையே மற்றத் தோழர்களுக்கும் சொல்லுகின்றோம். உங்கள் பெண் ஆத்மாக் கதை படிக்கின்றாளே என்று பயப்பட வேண்டாம். படித்ததைப் பற்றி அவளோடு பேசுங்கள். அவள் அபிப்பிராயத்தைக் கேளுங்கள். கல்யாணம், படிப்பு, உத்தியோகம் எதுவாயினும் அவள் சம்மதம் இல்லாமல் அவள் உடம்பின் பேரில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். உடம்பைக் கன்னிகாதானம் செய்ய அது உங்கள் தோட்டத்துப் பூசணிக்காயல்ல.

கிராமத்துத் தோழர்களுக்கு முக்கியமாய் ஒன்று. உங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொன்னால், வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். முதலில் சாட்டையைப் பிடுங்குங்கள். பிறகு பூசாரியைக் கேட்காமல், மாமியாரைக் கேட்காமல், அவளையே பார்த்து, "அம்மா, உனக்கு என்ன கஷ்டம்? உனக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். வியாதியானால் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வியாதியில்லாமல், அவள் சொல்லுவது நியாயமானால், அந்த நியாயத்துக்காக ஊரை எதிர்த்து அவள் பக்கத்தில் நில்லுங்கள். இதைச் செய்ய முடியாதவர்கள் மேடையேறிப் பேயில்லை என்று பேசுவதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை என்பதே நமது அபிப்பிராயம்.